பூஞ்சைக்குக் காய்ச்சல் வரவைத்தவள்

வில்டா ஆர்பகாஸ்ட் என் அண்ணன் ஹோமரைக் கல்யாணம் செய்துகொண்ட அதே வருடம்தான் கல்லூரியில் பூஞ்சை ஆராய்ச்சி வேலையிலும் சேர்ந்தாள். இரண்டில் எது நிலைத்தது என்று எங்கள் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஹோமரின் கூடப் பிறந்த தங்கையாக இருந்தும் விவாகரத்தில் நான் வில்டா பக்கம் நின்றேன். அதற்காக எங்கள் அம்மா ஒரு குளிர்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை. அவ்வளவு நிம்மதியான குளிர்காலம் எனக்கு அதற்கு முன்பும் வாய்த்ததில்லை, பின்பும் வாய்த்ததில்லை.

வில்டா பெரிய உருவம். குரல் மட்டும் தேவாலயத்தில் ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கும். ஊரிலிருந்து வெளியே போய்ப் படித்து, பட்டத்தோடு திரும்பி வந்த ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் போனால் போனதுதான். எதற்காகத் திரும்பி வந்தாள் என்று கேட்டால் செஸ்ட்நட் மரத்துக்காக என்பாள். ஹோமர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாலும் அதையேதான் சொல்வாள்.

செஸ்ட்நட் எங்கள் மலைகளை ஆண்ட மரம். எங்கள் தாத்தா காலத்தில் தொட்டிலும் அதில்தான், சவப்பெட்டியும் அதில்தான். இடையில் பன்றிகள் கொழுத்தது அதன் கொட்டையைத் தின்று. பிறகு கப்பலேறி ஒரு பூஞ்சை வந்தது. பட்டையில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே நுழைந்து ஆரஞ்சு நிறத்தில் புண் வைக்கும். புண் மரத்தைச் சுற்றி வளைத்ததும் மேலே இருப்பதெல்லாம் காய்ந்துவிடும். வேர் மட்டும் சாகாது. அது மறுபடி குருத்து விடும், குருத்து என் தொடை அளவு பருக்கும், பூஞ்சை வந்து மறுபடி கொல்லும். நாங்கள் பிறந்ததிலிருந்து இந்தக் கூத்தைத்தான் பார்த்து வருகிறோம். கொட்டை காய்க்கிற அளவுக்கு வளர்ந்த மரத்தை எங்கள் வயதுக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை.

வில்டாவின் வேலை அந்தப் பூஞ்சைக்கு நோய் வரவைப்பது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஹோமருக்கு அதை விளக்கினாள். நானும் இருந்தேன்.

"அந்தப் பூஞ்சைக்குள்ள புகுந்துக்கிற வைரஸ் ஒண்ணு இருக்கு ஹோமர். உள்ள போயிருச்சுன்னா பூஞ்சை படுத்துரும். புண்ணு வைக்கக்கூடத் தெம்பு இருக்காது. மரம் அதுக்குள்ள பட்டையத் தடிக்கவிட்டுத் தப்பிச்சுரும்."

"அப்ப வியாதிக்கே வியாதி குடுக்கப் போற."

"ஆமா."

"அந்த வைரசுக்கு எதாச்சும் வந்தா?"

"அத நீ பாத்துக்க. உனக்குத்தான் இப்ப வேலை ஒண்ணும் இல்லையே."

சுரங்கத்தில் அப்போதுதான் அவனை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். ஹோமர் முட்கரண்டியைக் கீழே வைத்தான். நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த வைரஸ் காற்றில் பறக்காது, தண்ணீரில் ஓடாது. நோய் பிடித்த பூஞ்சையின் இழையும் நல்ல பூஞ்சையின் இழையும் ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் இதிலிருந்து அதற்குப் போகும். அவை சேருவதற்கும் பொருத்தம் பார்க்க வேண்டும், சம்பந்தம் பேசுகிற மாதிரி. பொருத்தம் இல்லையென்றால் தொட்ட இடத்தில் இரண்டு பக்கமும் செத்து, நடுவில் ஒரு கோடு விழும். வில்டா பூஞ்சை வளர்க்கும் கண்ணாடித் தட்டில் அந்தக் கோட்டைக் காட்டியபோது ஹோமர் ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது எனக்குப் புரியுது," என்றான். அவள் ஆராய்ச்சியைப் பற்றி அவன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

வீட்டு ஃபிரிட்ஜில் மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில் பூஞ்சைத் தட்டுகள் இருக்கும். மிக்சியில் நோய் பிடித்த பூஞ்சையைக் கூழாக அரைப்பாள். மரத்தில் புண்ணைச் சுற்றித் துளை போட்டு, அந்தக் கூழை அடைத்து, மேலே டேப் ஒட்டுவதுதான் வைத்தியம். ஹோமர் ஒரு நாள் அதே மிக்சியில் மில்க்‌ஷேக் அடித்துக் குடித்துவிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வில்டா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் மிக்சியின் அடியில் கூழ் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள். அதை அவன் மறக்கவே இல்லை.

எங்கள் குடும்ப நிலத்தில், மலை முகட்டில், வேட்டையாடிய மானைத் தொங்கவிடும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு செஸ்ட்நட் நின்றது. இளமரம்தான். இடுப்பு உயரத்தில் புண் விழுந்திருந்தது. அவள் முதன்முதலில் வைத்தியம் பார்த்தது அந்த மரத்துக்குத்தான். அந்தக் குளிர்காலத்தில் ஹோமர் ஃப்ளூ காய்ச்சலில் விழுந்தான். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, தனக்குச் சாவு நிச்சயம் என்று முனகிக்கொண்டே கிடந்தான். வில்டா அவன் பக்கத்தில் சூப்பை வைத்துவிட்டு, பனியில் டேப் பிரிந்திருக்குமோ என்று பார்க்க முகட்டுக்குப் போய்விட்டாள். போனவள் சாயங்காலம்தான் இறங்கி வந்தாள். டேப் நன்றாகத்தான் இருந்தது.

அதையாவது மன்னித்திருப்பான். வசந்தத்தில் எங்கள் வாரப் பத்திரிகைக்காரன் பேட்டிக்கு வந்தான். உங்கள் கணவர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று கேட்டான். வில்டா யோசிக்காமல் பதில் சொன்னாள். "பூஞ்சை எதுத்துப் பேசாது. போட்டதச் சாப்பிடும். காய்ச்சல் வந்தா முனகாது." அவளுடைய போட்டோவுக்குக் கீழே அதையே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள்.

தீவனக் கடையில் ஹோமர் நுழைந்ததும் ஆட்கள் முனக ஆரம்பித்தார்கள். பெட்ரோல் போடப் போன இடத்தில் முனகினார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனையில் பின் வரிசையிலிருந்து ஒரு முனகல் வந்தது, பாதிரியாரே சிரிப்பை அடக்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் ஹோமர் தட்டுகளையெல்லாம் பெட்டியில் அடுக்கி, ட்ரக்கில் ஏற்றி, சாவியை வில்டா கையில் கொடுத்தான். தட்டுகளைக் கவனமாகத்தான் அடுக்கியிருந்தான், ஒன்றுகூட உடையவில்லை. நிலம் அவனுக்கு, ட்ரக் அவளுக்கு என்று முடிவானது. முகட்டில் இருக்கிற மரத்தை வெட்டி அடுப்பில் வைக்கப் போகிறேன் என்று ஊர் கேட்கச் சொன்னான். என் நிலத்தில் அவள் கால் வைத்தால் நடப்பதே வேறு என்றும் சொன்னான்.

பிறகு வருடங்கள் ஓடின. ஹோமருக்கு மாவட்ட நிர்வாகத்தில் பனி அள்ளும் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. ட்ரீமா என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டான். ட்ரீமா அழகு நிலையம் வைத்திருந்தாள், யாருக்கும் பயப்படமாட்டாள். வில்டா கல்லூரியில் தன் வைரஸோடு இருந்தாள். எத்தனையோ ரகப் பூஞ்சைகளில் சோதித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள். முகட்டு மரத்தில் முதலில் அடைத்த அதே ரகம்தான் அது, வேறு எந்த மரத்திலும் அதை அவள் இன்னும் வைத்திருக்கவில்லை. மற்ற நோயாளிப் பூஞ்சைகள் படுத்த படுக்கையாகிவிடும். அடுத்ததற்கு நோயைக் கொடுக்க அவற்றுக்கே தெம்பு இருக்காது. இது மட்டும் மரத்தைக் கொல்லாத அளவுக்கு நோயாளி, ஊர்சுற்றுகிற அளவுக்கு ஆரோக்கியம். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான் என்று நான் சொன்னேன்.

அந்தப் பூஞ்சை கல்லூரியில் ஒரு ஆழ்குளிர் பெட்டியில் இருந்தது. டீன் ஓய்வு பெற்றபோது அந்த அறையில் விருந்து வைத்தார்கள். மாமிச உருண்டைகளைச் சூடாக வைத்திருக்க மின்சட்டியைச் செருக இடம் தேடிய யாரோ, குளிர் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியவர் திரும்பச் செருகவில்லை. வில்டா வெள்ளிக்கிழமை விருந்துக்குப் போகவில்லை, திங்கட்கிழமை போய்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே தண்ணீர் நின்றது. குழாய்களில் இருந்ததெல்லாம் கெட்டுப்போயிருந்தது.

நல்லவேளையாகப் பக்கத்து மாநிலத்தில் ஒரு நண்பரிடம் நகல் கொடுத்து வைத்திருந்தாள். அவர் போன் செய்தபோது நானும் அவள் சமையலறையில் இருந்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனை வைத்தாள்.

"என்ன சொன்னார்?"

"குணமாயிருச்சாம்."

"எது?"

"பூஞ்சை. அங்க மாத்தி மாத்தி வளத்ததுல வைரஸ் நழுவிப் போச்சு. இப்ப நல்லா ஆரோக்கியமா இருக்காம்." அவள் முகத்தில் கை வைத்துக்கொண்டாள். "நெட்ரா, மொத்த உலகத்துல அது இருக்கிற இடம் இனி ஒண்ணே ஒண்ணுதான், அந்த முகட்டு மரம். அதையும் உன் அண்ணன் வெட்டி எரிச்சிருப்பான்."

வெட்டினானா என்று எனக்கும் தெரியாது. என் முட்டிகளுக்கு அந்த முகடு ஒத்துவராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹோமர் வீட்டில் இருப்பான் என்று தெரியும். வில்டாவை என் வண்டியில் ஏற்றினேன். அவள் மடியில் ஒரு சட்டி பீன்ஸும் சோளரொட்டியும் வைத்தேன். வெறுங்கையோடு போனால் நாயை அவிழ்த்துவிடுவான், சோளரொட்டி இருந்தால் யோசிப்பான்.

ஹோமர் கதவைத் திறந்தான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான்.

"சட்டி உள்ள வரலாம்," என்றான்.

"அண்ணா, சும்மா இரு. அவ ஒண்ணு கேக்கணும்னு வந்திருக்கா."

உள்ளேயிருந்து ட்ரீமா எட்டிப் பார்த்தாள். தலை முழுக்கச் சாயம் அப்பியிருந்தாள். "யாரு, பூஞ்சக்காரியா? உள்ள வாங்க, உள்ள வாங்க. இவன் சொல்லிச் சொல்லியே எனக்கு நேர்ல பாக்கணும்னு ஆசை."

மேசையில் உட்கார்ந்தோம். வில்டா விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய சின்னக் குரல் இன்னும் சின்னதாகியிருந்தது. மரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். ஹோமர் சோளரொட்டியில் வெண்ணெய் தடவினான். மூலை மூலையாகத் தடவினான்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"ஹோமர்."

"பேப்பர்ல சொன்னியே, அத வாபஸ் வாங்கு. தீயணைப்பு நிலையத்துல காட்டு வெங்காய விருந்து வருதுல்ல, ஊரே இருக்கும். அங்க எந்திரிச்சு நின்னு, நான் சொன்னது பொய், ஹோமர் முனகமாட்டான்னு சொல்லு. அப்புறம் மரத்தப் பத்திப் பேசலாம்."

வில்டா மேசை விரிப்பைப் பார்த்தாள். வாழ்நாள் வேலை அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவள் காலை மிதிக்க வேண்டும் போல இருந்தது. நானாக இருந்தால் அவன் பாடுவான் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

"பொய்னு சொல்ல முடியாது ஹோமர். நீ முனகின."

"முனகுவான்," என்றாள் ட்ரீமா. "போன மாசம் பல்லு வலிச்சப்ப பக்கத்து வீட்டுக்காரி வந்து கன்னுக்குட்டி எதுவும் மாட்டிக்கிச்சான்னு கேட்டா."

ஹோமர் கழுத்துவரை சிவந்தான். "நீ யார் பக்கம்?"

"நான் தலைக்குச் சாயம் வச்சுட்டு உக்காந்திருக்கேன். எனக்குப் பக்கம்லாம் இல்ல."

பிறகு வில்டா நிமிர்ந்தாள்.

"பேப்பர்ல சொன்னது உண்மை. ஆனா நீ காய்ச்சல்ல கிடந்தப்ப உன்ன விட்டுட்டுப் போனேன் பாரு, அது தப்பு. அன்னைக்கு நான் உன் பக்கத்துல உக்காந்திருக்கணும். டேப்புக்கு ஒண்ணும் ஆகலன்னு மேல போனதுமே தெரிஞ்சுபோச்சு. அப்புறமும் அங்கயே நின்னுட்டு இருந்தேன். கீழ வந்தா நீ செத்துப் போயிருவேன்னு சொல்லிட்டே இருப்பே, எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. அதான்."

ஹோமர் ரொட்டியைக் கீழே வைத்தான். அவன் பேட்டிக்காகத்தான் கோபமாக இருக்கிறான் என்று நாங்கள் எல்லோரும் அத்தனை வருடமும் நினைத்திருந்தோம். அவனே அப்படித்தான் நினைத்திருப்பான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தவன், எழுந்து போய் பூட்ஸை மாட்ட ஆரம்பித்தான்.

"சட்டுபுட்டுனு வா. மழை வர மாதிரி இருக்கு," என்றான்.

நாங்கள் எல்லோருமே ஏறினோம். ட்ரீமா சாயம் வைத்த தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வந்தாள். என் முட்டிகள் வழியெல்லாம் என்னைத் திட்டின. கொட்டகையைத் தாண்டியதும் வில்டா நின்றுவிட்டாள்.

மரம் நின்றது. சும்மா நிற்கவில்லை, கொட்டகைக் கூரையைத் தாண்டிப் போயிருந்தது. இடுப்பு உயரத்தில் பட்டை தடித்து, வெடித்து, கட்டி கட்டியாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. அந்த அசிங்கம்தான் அது பிழைத்ததற்கு அடையாளம். கீழே கொட்டையை மூடியிருக்கும் முள்ளோடுகள் பழசாகிக் கிடந்தன. காய்த்திருக்கிறது. வில்டா கட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். மூக்கை உறிஞ்சினாள். குளிர் என்றாள், ஏப்ரல் கடைசியில்.

"வெட்டறேன்னு சொன்னியே," என்றேன் நான்.

"வெட்டத்தான் கோடாலியோட வந்தேன். வெட்டிட்டா அப்புறம் கோவத்த எங்க காட்டறதுன்னு தோணுச்சு." ஹோமர் தொண்டையைச் செருமினான். "அதனால காலையில வந்து இது மேல ஒண்ணுக்குப் போவேன்."

"எத்தன நாளா?"

"தினமும். பனி விழுந்தா மட்டும் விட்டுருவேன்."

ட்ரீமா சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்திலிருந்து காக்கைகள் பறந்தன. வில்டா சிரிக்கவில்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"எந்தப் பக்கம் ஹோமர்?"

"என்ன எந்தப் பக்கம்?"

"போறது. நான் மாதிரி எடுக்கணும்ல."

அவன் காட்டினான். அவள் அதற்கு எதிர்ப்பக்கம் போய் மண்டியிட்டாள். பெல்ட்டில் துளை போடுகிற உளி போன்ற ஒன்றால் கட்டியின் ஓரத்தில் சின்னச் சின்ன வட்டமாகப் பட்டையை எடுத்து, குழாய்களில் போட்டாள். மழை தூற ஆரம்பித்ததும் ஹோமர் தன் தொப்பியைக் கழற்றி அந்தக் குழாய்களின் மேல் பிடித்தான்.

ஆனால் பட்டையை எடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. தட்டுகளில் வைத்ததில் முதலில் வந்ததெல்லாம் பச்சைப் பூசணம். அடுத்தது ஆரஞ்சு, அதாவது வைரஸ் இல்லாத, நல்ல திடகாத்திரமான கொலைகாரப் பூஞ்சை. வில்டா சாப்பிடாமல் அலைந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுவது என் வேலை, அது முடிந்ததும் தினம் ஆய்வுக்கூடத்துக்குப் போய் அவளுக்கு ஒரு சாண்ட்விச் கொடுத்துவிட்டு வருவேன். கேட்டால் இல்லையென்று தலையை ஆட்டுவாள். கடைசியாக ஒரு நாள் அவளே பள்ளிப் பேருந்துகள் நிறுத்துகிற இடத்துக்குப் போன் செய்தாள்.

"நெட்ரா, வெள்ளையா வந்திருக்கு."

"அது நல்லதா கெட்டதா?"

"சீக்காளி. அருமையான சீக்காளி. தள்ளாடித் தள்ளாடித்தான் பரவுது, பாக்கவே அவ்வளவு பாவமா இருக்கு." அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

காட்டு வெங்காய விருந்துக்கு வில்டா வந்தாள். யாரும் அவளை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. மூன்று நாள் வாய் நாறுகிற அந்த வெங்காயமும் பன்றிக்கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கும் எல்லோருடைய தட்டிலும் மலையாக இருந்தன. தீவனக் கடைக்கார ஆள் ஒருவன், ஹோமரையும் வில்டாவையும் ஒரே கூரைக்குக் கீழே பார்த்ததும் பழைய ஞாபகத்தில் முனகினான். வில்டா தட்டோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பூஞ்சைய இத்தன வருஷம் காப்பாத்தி வச்சிருந்தது ஹோமர்தான். நீ இந்த ஊர்ல எதக் காப்பாத்தின?"

ஹோமர் அதைக் கேட்காத மாதிரி இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டான். அவன் எப்படிக் காப்பாற்றினான் என்பதை ட்ரீமா அந்த வாரத்துக்குள் தன் அழகு நிலையத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். முனகல் நின்றது. ஹோமர் வந்தால் இப்போது ஆட்கள் பக்கத்தில் எந்த மரம் இருந்தாலும் அதைவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

அதன் பிறகு எல்லாம் சுபம் என்று சொன்னால் வில்டாவே என்னைத் திருத்துவாள். கல்லூரியில் அவளுக்குப் பூட்டுப் போட்ட புதுக் குளிர் பெட்டி கொடுத்தார்கள். கோடைதோறும் மலைமலையாக ஏறிக் கூழ் அடைத்தாள். பாதி இடங்களில் அவளுடைய சீக்காளியும் அங்கிருந்த பூஞ்சையும் ஒத்துப்போகாமல் கோடு கிழித்துக்கொண்டன. அந்த மரங்கள் செத்தன. சில மரங்கள் புண்ணோடு பல வருடம் இழுத்துக்கொண்டு கிடந்தன. சில பிழைத்தன. ட்ரீமா கோடையில் அழகு நிலையத்தை மதியத்துக்கு மேல் மூடிவிட்டு அவளோடு டேப் ஒட்டப் போனாள். தலைமுடிக்குச் சாயம் பூசுகிற பிரஷ்ஷால் கூழைத் துளைக்குள் தள்ளுவது சுலபம் என்றாள், வில்டாவும் ஒத்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து ஹோமரைப் பற்றிப் பேசுவதை அவன் விரும்பவில்லை. ஆனாலும் அவர்களைத் தன் வண்டியில்தான் கொண்டுபோய் விட்டான்.

வில்டா ஓய்வு பெற்ற இலையுதிர் காலத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து முகட்டில் ஒரு புதர்க்காட்டைச் சும்மா பார்த்துவிட்டு வரப் போனோம். எங்கள் முகட்டிலிருந்து அது ரொம்ப தூரம். அங்கே ஒரு இளமரம், அதன் பட்டையில் புண். புண் தடித்து, கட்டி விழுந்து, அசிங்கமாக ஆறிக்கொண்டிருந்தது.

"இதுக்கு எப்ப டேப் போட்டோம்?" என்று ட்ரீமா கேட்டாள்.

"போடல," என்றாள் வில்டா. "இந்தப் பக்கம் நாம வந்ததே இல்ல."

"அப்ப எப்படி வந்துச்சு?"

"மரங்கொத்தியா இருக்கும். வண்டா இருக்கும். தெரியல."

அவள் அந்தப் பட்டையிலும் ஒரு வட்டம் எடுத்தாள். அது அவளுடைய சீக்காளிதான் என்று பிறகு ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் சோதித்துச் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு அது தெரியாது. அவள் ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து கார இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோல்களை எடுத்து எங்களுக்கும் கொடுத்துத் தானும் தின்றாள். தின்று முடிக்கும்வரை அந்தப் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஹோமர் கீழே காத்திருப்பான், ஹாரன் அடிக்க ஆரம்பிப்பதற்குள் இறங்கலாம் என்று எழுந்தாள்.